நீல நிறம் ஒரு சான்றிதழ் அல்ல

இப்போ நம்ம கேம்பஸ்ல ஒரே பொருள் இரண்டு இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு. ஒண்ணு ஃபைனல் இயர் புராஜெக்ட் லேப். இன்னொண்ணு ஹாஸ்டல் ரூம் அலமாரி. லேப்ல 'காயம் ஆற்றும் ஹைட்ரோஜெல்' என்ற தலைப்போடு வருது. ஹாஸ்டல்ல 'முடி கொட்டுது மச்சி' என்ற புலம்பலோடு வருது. இரண்டு இடத்திலும் அதே சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே நீலப் பொடி, வெளியே 'தூய்மை 99%' என்று ஒரு ஸ்டிக்கர். பெயர் ஜிஎச்கே-காப்பர். தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு குட்டி பெப்டைட்.

இரண்டு இடத்திலும் ஓடுற நம்பிக்கையும் ஒண்ணுதான்: நீலமா இருக்கு, 99 போட்டிருக்கு, அப்போ சரக்கு சரிதான். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கைக்கு எதிரானது. என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். ஜிஎச்கே-காப்பரைச் சர்க்கரை, உப்பு மாதிரி நினைக்கக் கூடாது. அது ஒரு சமநிலை. பிஎச் மாறினால், பஃபர் மாறினால், பக்கத்தில் வேறொரு மூலக்கூறு வந்து நின்றால், அது வேறு ஒன்றாக ஆகிவிடும். அதனால் எடை போட்டுக் கரைத்தால் மட்டும் போதாது, அளந்து பார்க்கணும். அளக்காத புராஜெக்ட்டை ரிவியூவில் ஏற்கக் கூடாது. அளக்காத குப்பியை உடம்புக்குள் ஏற்றக் கூடாது. இதில் வேடிக்கை என்னன்னா, அளக்கத் தேவையான சாமான்களில் பெரும்பகுதி நம்ம முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்லயே இருக்கு.

யார் இந்த ஜிஎச்கே?

கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்தால் ஜிஎச்கே. மொத்தம் 14 கார்பன், 24 ஹைட்ரஜன், 6 நைட்ரஜன், 4 ஆக்சிஜன். மூலக்கூறு எடை சுமார் 340. புரத உலகத்தில் இது ஒரு கொசு. ஒப்பிட்டுப் பார்க்க, நம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினின் எடை 66,000-க்கும் மேல்.

1973-இல் லோரன் பிக்கார்ட்டும் தேலரும் 'நேச்சர் நியூ பயாலஜி' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மனித சீரத்தில் இருக்கும் ஒரு ட்ரைபெப்டைட், கல்லீரல் செல்களை வளர்ப்புத் தட்டில் கூடுதல் காலம் உயிரோடு வைக்கிறது என்பது செய்தி. 1980-இல் வந்த அடுத்த கட்டுரையில்தான் தாமிரம் மேடைக்கு வருகிறது: இந்தப் பெப்டைட் செல்லுக்குள் தாமிரம் போக உதவி செய்யலாம் என்றார்கள். 1988-இல் பிரான்ஸில் மாக்கார்ட் குழுவினர், ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இது கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாகக் காட்டினார்கள். இன்றைக்கு முகத்துக்குப் போடும் சீரம் விளம்பரம் வரைக்கும் வந்து நிற்கும் கதையின் வேர் இவைதான். ஆக, பொருள் டுபாக்கூர் இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான வேதியியல் இருக்கு. அந்த வேதியியலை நாம படிக்காம விடுறதுதான் பிரச்சினை.

கொக்கி எங்கே மாட்டுது?

ப்ளஸ் டூ லேப்ல பயூரெட் சோதனை செஞ்சிருப்போம். புரதக் கரைசலில் காரம் ஊற்றி, இரண்டு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டால் ஊதா நிறம் வரும். அங்கே நடப்பது என்ன? பெப்டைட் பிணைப்பில் இருக்கும் நைட்ரஜன் தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டுத் தாமிரத்தைப் பிடிக்குது. ஜிஎச்கே செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஒரே வித்தியாசம், பயூரெட்டுக்கு நல்ல காரம் வேணும். ஜிஎச்கே சாதாரண நடுநிலை பிஎச்சிலேயே அதைச் செஞ்சு முடிச்சிடும். காரணம் ஹிஸ்டிடின். அதன் இமிடசோல் வளையம் முதலில் தாமிரத்தை வந்து பிடிக்குது. கிளைசினின் அமினோ முனை இன்னொரு பக்கம் பிடிக்குது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெப்டைட் நைட்ரஜனுக்கு வேறு வழி இல்லை. ஹைட்ரஜனை விட்டுவிட்டு அதுவும் சேர்ந்துகொள்கிறது. இப்படி ஐந்து அணு வளையம் ஒன்று, ஆறு அணு வளையம் ஒன்று என்று இரண்டு வளையங்கள் ஒட்டி உருவாகும்போது பிடி இறுகிவிடும்.

தாமிரம் இரண்டு பிளஸ் அயனிக்குச் சதுரத்தின் நான்கு மூலை மாதிரி நான்கு முக்கிய இடங்கள். ஜிஎச்கே மூன்றை நிரப்புது. நான்காவது இடம் காலி. அங்கே தண்ணீர் உட்காரலாம், பஃபர் உட்காரலாம், இன்னொரு பெப்டைடின் கை உட்காரலாம். லைசினின் நீண்ட வால் நடுநிலை பிஎச்சில் தாமிரத்தைத் தொடுவதே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆல்புமினில் ஹிஸ்டிடின் மூன்றாவது இடத்தில் இருப்பதால் அங்கே நான்கு மூலையும் நைட்ரஜனால் நிரம்பிவிடும். ஜிஎச்கேயில் ஹிஸ்டிடின் இரண்டாவது இடம், அதனால் ஒரு கதவு எப்போதும் திறந்தே இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளில் பாதி அந்தத் திறந்த கதவு வழியாக வருபவை.

நிறத்துக்கும் காரணம் இதுதான். மயில்துத்தக் கரைசலில் தாமிரத்தைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அது 800 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சும், பார்க்க வெளிர் நீலம். நைட்ரஜன்கள் வந்து சேர்ந்ததும் உறிஞ்சும் இடம் 600-ஐ ஒட்டி நகர்ந்துவிடும்; நிறம் அடர்நீலமாக, கொஞ்சம் ஊதா கலந்து தெரியும். அதனால் 'நீலமா இருக்கு' என்று சொல்வது எதையும் நிரூபிக்காது. மயில்துத்தமும் நீலம்தான். எந்த நீலம், எந்த அலைநீளத்தில் என்று கேட்டால்தான் பதில் வரும்.

99 சதவீதம், எதில்?

இந்த இடம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுது.

அந்த 99 பெரும்பாலும் எச்பிஎல்சியில் வந்த எண். வழக்கமான முறையில் அந்தக் கருவிக்குள் ஓடும் திரவத்தில் 0.1% டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் இருக்கும், அதாவது டிஎஃப்ஏ. பிஎச் சுமார் 2. அந்த அமிலத்தில் தாமிரம் பெப்டைடை விட்டுக் கழன்றுவிடும். காரணம் எளிது: தாமிரம் உட்கார வேண்டிய நைட்ரஜன்களில் புரோட்டான்கள் போய் உட்கார்ந்துவிடும். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் கறை கரைந்து வருதே, அங்கேயும் அமிலத்துக்கு ஒரு பங்கு உண்டு. ஆக, அந்தச் சான்றிதழ் சொல்வது இதுதான்: 'இதில் தெரியும் பெப்டைட்களில் 99% ஜிஎச்கே'. தாமிரம் எவ்வளவு என்று அது சொல்லவில்லை. சேர்ந்திருக்கா, தனியா கிடக்கா என்றும் சொல்லவில்லை. குப்பியில் இருக்கும் எடையில் எவ்வளவு பெப்டைட் என்பதைக்கூடச் சொல்லவில்லை.

கடைசி வாக்கியத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாமிரம் சேர்க்காத வெறும் ஜிஎச்கேயை வாங்கி நாமே தாமிரம் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெப்டைட் பெரும்பாலும் உப்பாகத்தான் வரும். ஒரு மூலக்கூறோடு இரண்டு டிஎஃப்ஏ ஒட்டிக்கொண்டு வந்தால், மொத்த எடை 340 இல்லை, 568. நீங்க 10 மில்லிகிராம் எடை போட்டால் அதில் பெப்டைட் 6 மில்லிகிராம்தான். லேபிளை நம்பி 340-ஆல் வகுத்தால் 29.4 மைக்ரோமோல் என்று வரும். உண்மையில் இருப்பது 17.6. 'ஒன்றுக்கு ஒன்று' என்று நினைத்து 29.4 மைக்ரோமோல் தாமிரம் சேர்க்கிறீங்க. 11.8 மைக்ரோமோல் தாமிரத்துக்குப் பிடிக்க ஆளே இல்லை. சேர்த்ததில் 40% அனாதையாகக் கரைசலில் சுத்தும். கரைசல் என்னவோ அழகான நீலம்தான்.

இந்த அனாதைத் தாமிரம் சும்மா இருக்காது. பிபிஎஸ் பஃபரில் போட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகும். செல் மேல் போட்டால் ஆக்சிஜனோடு விளையாடி ரியாக்டிவ் பொருட்களை உருவாக்கும், செல் சாகும். எங்க டிபார்ட்மென்ட்டில் ஒரு டீமின் ரிப்போர்ட்டில் 'அதிகச் செறிவில் ஜிஎச்கே-காப்பர் நச்சுத்தன்மை உடையது' என்று முடிவு எழுதியிருந்தாங்க. உப்பு எடையைக் கழிச்சாங்களா, தனித் தாமிரம் எவ்வளவு இருந்தது என்று வைவாவில் யாரும் கேட்கவில்லை. செல்லைக் கொன்றது பெப்டைடா, மிச்சத் தாமிரமா என்று அந்த ரிப்போர்ட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாச உழைப்பு, ஒரு வகுத்தல் கணக்கில் போச்சு. அவங்க சோம்பேறிகள் இல்லை. லேபிளில் எழுதியிருந்ததை நம்பினாங்க, அவ்வளவுதான். கேட்கச் சொல்லித்தர வேண்டிய இடத்தில் நம்ம அமைப்பு சும்மா இருந்துச்சு.

அளக்க என்ன வேணும்?

பெப்டைட் அளவைப் பார்க்க முதலில் எல்லோரும் ஓடுறது நானோடிராப்புக்கு, 280 நானோமீட்டர். பயன் இல்லை. அந்த அலைநீளத்தில் உறிஞ்சும் டிரிப்டோஃபானோ டைரோசினோ ஜிஎச்கேயில் கிடையாது. பிராட்ஃபோர்டு சாயம் இவ்வளவு சின்னப் பெப்டைடைக் கண்டுகொள்ளாது. பிசிஏ முறை தாமிரத்தை வைத்தே வேலை செய்வது. ஏற்கெனவே தாமிரம் இருக்கும் மாதிரியில் அதைப் போடுவது, தராசுத் தட்டில் கையையும் சேர்த்து வைத்து எடை போடுவது மாதிரி.

பிறகு எதுதான் வழி? நம்ம லேப்ல இருக்கும் சாதாரண விசிபிள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போதும். வெறும் பெப்டைடைச் சில மில்லிமோலார் செறிவில் கரைங்க. இந்த உறிஞ்சுதல் பலவீனமானது, அதற்கும் கீழே போனால் தெரியாது. துல்லியமாகச் செறிவு தெரிந்த தாமிரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்க. ஒவ்வொரு முறையும் பிஎச்சைச் சரிபண்ணி, 600-ஐ ஒட்டி அளவு எடுங்க. கோடு நேராக ஏறிக்கொண்டே வரும். பெப்டைட் தீர்ந்த இடத்தில் உடையும், அதற்கு மேல் கலங்கவும் ஆரம்பிக்கும். அந்த உடையும் இடம்தான் உங்க உண்மையான பெப்டைட் அளவு. கண்டக்டோமெட்ரி பரிசோதனையில் வரைந்தோமே, இரண்டு கோடு சந்திக்கும் கிராஃப், அதேதான்.

தயாரான ஜிஎச்கே-காப்பர் வாங்கியிருந்தால் தாமிரத்தைப் பாருங்க. ஒன்றுக்கு ஒன்று கூட்டுப்பொருளின் எடை சுமார் 402. அதில் தாமிரம் 63.5. அதாவது 15.8%. முதல் வருஷத்தில் அயோடோமெட்ரியில் தாமிரம் கண்டுபிடிச்சது ஞாபகம் இருக்கா? பொட்டாசியம் அயோடைடு, ஸ்டார்ச், தயோசல்ஃபேட், நீலம் மறைஞ்சா முடிவுப் புள்ளி. 10 மில்லிகிராம் பொடியில் 25 மைக்ரோமோல் தாமிரம் இருக்கணும். அமிலத்தில் அது கழன்று வந்துவிடும். 0.01 மோலார் தயோசல்ஃபேட் என்றால் 2.5 மில்லி செலவாகும். மைக்ரோ பியூரெட் இருந்தால் போதும். இது தோராயமான முதல் சோதனைதான்; ரிப்போர்ட்டில் போட அணு உறிஞ்சல் கருவி, அதாவது ஏஏஎஸ், வசதி உள்ள இடத்துக்கு ஒரு மாதிரி அனுப்பணும். ஆனா 2.5 வரவேண்டிய இடத்தில் 1.2 வந்தால், அந்தக் குப்பியோடு மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

'இந்த டைட்ரேஷன் எல்லாம் எதுக்குக்கா, வேலைக்குப் போனா யார் கேக்கப் போறாங்க' என்று ஒரு ஜூனியர் கேட்டாள். இதுக்குத்தான்.

கையாளும்போது

இனி நேரடியா நடைமுறை விஷயங்கள். புராஜெக்ட் எடுக்கிறவங்க இதை நோட்டுல எழுதி வெச்சுக்கலாம்.

குப்பி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். எடுத்ததும் மூடியைத் திறக்காதீங்க. அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் திறங்க. இல்லைன்னா நம்ம ஊர்க் காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த பொடி மேல் வந்து உட்காரும். பொடி ஈரம் குடிக்கும். அடுத்த முறை எடை போடும்போது தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை போடுவீங்க. எடுக்க இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். தாமிர அயனி இரும்பைப் பார்த்தால் அதன் மேல் படியப் பார்க்கும்.

கரைக்கும் வரிசை முக்கியம். முதலில் பெப்டைடைத் தண்ணீரில் கரைச்சுக்கோங்க. அதில் தாமிரக் கரைசலை மெதுவாகக் கலக்கிக்கொண்டே விடுங்க. ஒவ்வொரு தாமிரமும் மாட்டும்போது பெப்டைடிலிருந்து புரோட்டான்கள் கழன்று வெளியே வரும். அதனால் பிஎச் இறங்கும். மீட்டரில் அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம், பிணைப்பு நடப்பதற்கு அதுவே ஒரு சாட்சி. நீர்த்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஏற்றணும். அவசரப்பட்டுக் கெட்டிக் காரம் ஊற்றினால் விழுந்த இடத்தில் தாமிர ஹைட்ராக்சைடு பஞ்சு பஞ்சாகத் திரளும்.

இடிடிஏ பக்கத்தில் வரக் கூடாது. ஜிஎச்கேயைவிட அது பலமடங்கு வலுவாகத் தாமிரத்தைப் பிடிக்கும். வந்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போயிடும். 'நாங்க எங்கே இடிடிஏ போட்டோம்' என்பீங்க. செல்களைத் தட்டிலிருந்து பிரிக்க ட்ரிப்சின்-இடிடிஏ போட்டீங்களே, அது சரியாகக் கழுவப்பட்டதா? டிடிடி, வைட்டமின் சி மாதிரி ஒடுக்கிகளும் ஆகாது. அவை தாமிரம் இரண்டை ஒன்றாக மாற்றிவிடும், நீலம் போயிடும். பிஎச் 4-க்குக் கீழே போனாலும் கூட்டு பெரும்பாலும் பிரிந்துவிடும். கரைசலைப் பெரிய பாட்டிலில் வைத்து நாலு நாளுக்கு ஒருமுறை உருக்கி உறைய வைக்காம, சின்னச் சின்னக் குழாய்களில் பிரிச்சு வைங்க. சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது அதன் பிஎச்சே நன்றாக இறங்கும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீங்க. 10 மில்லிமோலார் கரைசல் 100 மில்லி என்றால் அதில் 63.5 மில்லிகிராம் தாமிரம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 1,270 லிட்டர் தண்ணி வேணும், கிட்டத்தட்ட ஒரு மொட்டைமாடி டேங்க். தாமிரம் பாசியைக் கொல்லப் பயன்படுத்தும் பொருள். ஏரிக்குப் போனாலும் அது தன் வேலையைத்தான் செய்யும். கன உலோகக் கழிவு என்று எழுதிய கேனில் சேருங்க. கேன் இல்லைன்னா கேட்டு வாங்குங்க.

நான்கு குழாய்

இவ்வளவும் சரியாகச் செஞ்சு, சுத்தமான கூட்டை செல் மீடியத்தில் விடுறோம். இப்போ செல் பார்ப்பது ஜிஎச்கே-காப்பர்தானா? அவசியமில்லை. 10% சீரம் சேர்த்த மீடியத்தில் ஆல்புமின் தாராளமாக இருக்கும். தாமிரத்தைப் பிடிப்பதில் ஆல்புமினும் ஜிஎச்கேயும் ஏறக்குறைய சம பலம். நீங்க விடுறது 1 மைக்ரோமோலார், அங்கே காத்திருக்கும் ஆல்புமின் அதைப்போல் பல பத்து மடங்கு. பெரும்பாலான தாமிரம் கை மாறிவிடும். டிஎம்இஎம் மீடியத்திலேயே 0.2 மில்லிமோலார் ஹிஸ்டிடின் வேறு இருக்கு. முன்னாடி சொன்ன திறந்த கதவில் வந்து அது உட்கார்ந்துகொள்ளும்.

அதனால்தான் என் கோரிக்கை: இந்தப் பெப்டைடை வைத்துச் செய்யும் எந்தச் செல் பரிசோதனையிலும் நான்கு குழாய் கட்டாயம் இருக்கணும். ஒன்று, வெறும் பஃபர். இரண்டு, வெறும் பெப்டைட். மூன்று, அதே அளவு வெறும் தாமிர உப்பு. நான்கு, கூட்டு. நான்காவது மட்டும் தனித்து நின்றால்தான் 'ஜிஎச்கே-காப்பர் செய்தது' என்று சொல்ல நமக்கு உரிமை. மூன்றாவதும் நான்காவதும் ஒரே முடிவு தந்தால் நாம பார்த்தது வெறும் தாமிரத்தின் வேலை. முதலும் நான்காவதும் மட்டும் வைத்து எழுதப்பட்ட ரிப்போர்ட்டில் தலைப்பைத் தவிர வேறு எதையும் நம்ப முடியாது.

'யூஜி புராஜெக்ட்தானே, இவ்வளவு கறார் தேவையா, பட்ஜெட் எங்கே' என்று கேட்பவர்கள் இருக்காங்க. நியாயமான கேள்வி. செலவைப் பாருங்க: கூடுதலாக வேண்டியது மயில்துத்தம், தயோசல்ஃபேட், இரண்டு கூடுதல் வரிசைத் தட்டு, ஒரு வார நேரம். விலை அதிகமான சாமான் பெப்டைட்தான், அதை ஏற்கெனவே வாங்கியாச்சு. அதை வாங்கக் காசு இருந்து, அது என்னன்னு பார்க்க நேரம் இல்லைன்னா, நாம செய்வது ஆராய்ச்சி இல்லை, ஷாப்பிங்.

ஹாஸ்டல் அலமாரி

இப்போ இரண்டாவது குப்பி. முதலில் ஒரு பிரிவு சொல்லிடுறேன். முகத்தில் பூசும் கிரீம், சீரம் எல்லாம் வேறு வகை. தோல் என்ற சுவர் நடுவில் இருக்கு, செறிவும் குறைவு. காசு வீணாகலாம், அது உங்க விருப்பம். வைட்டமின் சி சீரத்தோடு சேர்த்துப் பூசினால் மட்டும் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை வைத்து நீங்களே சொல்லிடலாம்: அமிலமும் ஒடுக்கியும் ஒரே பாட்டிலில்.

நான் பேசுவது 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று எழுதிய குப்பியைத் தண்ணி விட்டுக் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் ஏற்றிக்கொள்வதைப் பற்றி. ஆன்லைன் வீடியோக்களில் இது டூத்பேஸ்ட் மாதிரி சாதாரணமாகப் பேசப்படுது. அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம், மருந்துக்கு வேண்டிய எந்தச் சோதனைக்கும் இந்தக் குப்பி உட்பட்டதாக யாரும் உறுதி தரவில்லை என்பது. 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினால் பாக்டீரியா நிற்கும். ஆனால் செத்த பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் அதில் புகுந்து வந்துவிடும், காய்ச்சலையும் அதைவிட மோசமானதையும் அதுவே கிளப்பும். எச்பிஎல்சி 99-க்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2 மில்லிகிராம் ஜிஎச்கே-காப்பரில் தாமிரம் சுமார் 0.3 மில்லிகிராம். பெரியவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது சுமார் 0.9 மில்லிகிராம். அந்த எண்ணைப் பார்த்து 'அப்போ ஒண்ணும் ஆகாது' என்று தோணும். ஆனால் சாப்பாட்டில் வரும் தாமிரத்துக்குக் குடலும் கல்லீரலும் வாசல் காவல். ஊசியில் வருவது முதல் வாசலைத் தாண்டியே வருது. அதோடு அந்த 0.3 என்பதே குப்பியில் சொன்ன அளவு இருந்தால்தான். இருக்கா என்று யார் பார்த்தது? 2023-இல் அமெரிக்காவின் எஃப்டிஏ, ஊசி வழி ஜிஎச்கே-காப்பரைப் பாதுகாப்புக் கவலை உள்ள பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. நோய் எதிர்ப்பு மண்டலம் எதிர்வினை காட்டலாம், பெப்டைட் சார்ந்த அசுத்தங்கள் இருக்கலாம் என்ற வகைக் கவலைகள்தான் காரணம்.

இன்னொன்று. விற்பவர்கள் எல்லோரும் 1973 கட்டுரையைக் காட்டுவாங்க. அதன் தலைப்பிலேயே இரண்டு பாதி உண்டு: சாதாரணக் கல்லீரல் செல்லின் ஆயுளை நீட்டிக்கிறது என்பது முதல் பாதி, புற்றுத்தன்மை கொண்ட கல்லீரல் செல்லின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்பது இரண்டாம் பாதி. தட்டில் வளர்த்த செல்லில் பார்த்ததை வைத்து 'இது புற்றுநோய் தரும்' என்று சொன்னால் அது தப்பு. அதே தட்டை வைத்து 'இது இளமை தரும்' என்று சொன்னால் அதுவும் அதே அளவு தப்பு. ஒரு பாதியை மட்டும் படிக்கிறவன் விற்பனையாளன். இரண்டையும் படிக்க வேண்டியவங்க நாம.

கேட்பது மூன்றே விஷயம்

புராஜெக்ட் ரிவியூ கமிட்டிக்கு: உலோகம் பிடிக்கும் பெப்டைட் எதை எடுத்தாலும், ஜீரோத் ரிவியூவிலேயே மூன்று எண் கேளுங்க. எடையில் பெப்டைட் எவ்வளவு, தாமிரம் எவ்வளவு, எந்த பிஎச்சில் எந்தப் பஃபரில். நான்கு குழாய் இல்லாமல் செல் முடிவு ஏற்காதீங்க.

கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டுக்கு: பயோடெக், ஃபார்மா பசங்க சாயங்காலம் வந்து ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரும் ஒரு பியூரெட்டும் கேட்டால் கொடுங்க. 'உங்க லேப்ல இல்லையா' என்ற பதில் வேண்டாம்.

ஹாஸ்டல் நண்பர்களுக்கு: முடி கொட்டுறது உண்மையான கவலை, அதைக் கிண்டல் பண்ண நான் வரலை. தோல் டாக்டரைப் பாருங்க. அந்தக் குப்பியைத் தூக்கிப் போட மனசு வரலைன்னா, ஒரு நாள் லேப்புக்கு எடுத்துட்டு வாங்க. 10 மில்லிகிராம் கொடுங்க. தயோசல்ஃபேட் ஊற்றிப் பார்ப்போம், 2.5 மில்லி வருதா இல்லையான்னு. பியூரெட் நான் கழுவி வெச்சிருப்பேன்.